நாலு வருஷம் ஆடிய பிறகு என் இடிந்த ஊர்

டெரெய்ன் (பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மேஜைப் போர் ஆட்டங்களில் களமாக வைக்கும் சின்னக் கட்டடங்கள், குன்றுகள்) பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டி பிரித்த வாரத்திலேயே எழுதப்படுகின்றன. பெயின்ட் காய்ந்ததும் காயாததுமாகப் படம் எடுத்து, 'அட்டகாசம்' என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படிப் பாராட்டிக்கொண்டு திரிந்தவன்தான். வாரம் ஓர் ஆட்டம் என்று நாலு வருஷம் கைபட்டு, கீழே விழுந்து, பெட்டியில் அடுக்கி, மறுபடி எடுத்து வைத்த பிறகு எனக்குப் பிடித்தவற்றின் வரிசையே மாறிவிட்டது. பெருமையோடு செய்தவற்றில் பாதி பரணில் கிடக்கிறது. ஒப்புக்கு ஒரே சாயங்காலத்தில் செய்த மூன்று குன்றுகள் இன்றைக்கும் எல்லா ஆட்டத்திலும் மேஜை ஏறுகின்றன.

நான் ஆடுவது 28 மி.மீ. அளவு மினியேச்சர்கள், அதாவது சின்னப் போர்வீரர் பொம்மைகள். பெரும்பாலும் வார்ஹாமர் 40,000 என்ற போர் ஆட்டம், இடையிடையே பத்து வீரர்களுக்குள் முடிகிற சின்ன ஸ்கர்மிஷ் ஆட்டங்கள். கைவசம் லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கட்டடங்கள், ஸ்ப்ரூவில் (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வரும் பிளாஸ்டிக் இடிபாடுகள், ஃபோமில் நானே செதுக்கிய குன்றுகள், 3டி பிரிண்டரில் எடுத்த சில்லறைச் சாமான்கள் என்று நாலு வகை.

எம்.டி.எஃப்.தான் என்னை இதற்குள் இழுத்தது. 3 மி.மீ. பலகை, ஒன்றின் நாக்கு இன்னொன்றின் துளையில் போய் உட்காரும், ஒரு மணி நேரத்தில் வீடு தயார். அந்த வேகத்தில்தான் முதல் கட்டடத்தின் படிக்கட்டைத் தலைகீழாக ஒட்டினேன். இப்போதெல்லாம் பசையைத் தொடாமல் ஒருமுறை முழுசாகப் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நாக்கு இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் தட்டக்கூடாது, பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் தானாக இறங்கும். ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளைப் பசையே போதும். மெதுவாகக் காய்வதால் மூலையை நேர்செய்ய அவகாசம் கிடைக்கும், ரப்பர் பேண்ட் போட்டு இரவு முழுக்க விட்டுவிடலாம். சூப்பர் க்ளூ அந்த அவகாசத்தைத் தராது.

இந்தப் பலகையின் உண்மையான தொல்லை பெயின்ட் அடிக்கும்போதுதான் தெரியும். லேசர் பட்ட ஓரங்கள் கரி பிடித்திருக்கும், கையில் ஒட்டி வெளிர்நிறச் சுவரெல்லாம் கறையாகும். பலகையோ பெயின்ட்டைத் தண்ணீராகக் குடிக்கும். முதல் வீடு மூன்று கோட்டிங் வாங்கியும் திட்டுத்திட்டாகத்தான் நின்றது. அடுத்த வீட்டிலிருந்து, வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு, காய்ந்ததும் லேசாகத் தேய்ப்பு, அதற்கு மேல் பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் பூசுவது) என்று வைத்துக்கொண்டேன். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இன்னொன்று: தரைப்பலகையின் மேல்பக்கம் மட்டும் பசையும் மணலும் பூசினால் ஒரே இரவில் வில்லாக வளைந்துவிடும். ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறுவதுதான் காரணம். அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்த பலகைகள் இன்னும் தட்டையாக இருக்கின்றன. கொடுக்காத இரண்டின் மேல் டப்பா வைத்துப் பார்த்தேன், புத்தகம் அடுக்கிப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை.

பிளாஸ்டிக் இடிபாடுகளை ஆரம்பத்தில் மட்டமாக நினைத்தேன். எல்லோரிடமும் இருக்கிறதே என்ற அலட்சியம். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் மதிப்பெண் அவற்றுக்குத்தான். பிளாஸ்டிக் பசை பாலிஸ்டிரீனை லேசாகக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்தப் பசையில் ஒட்டிய மூட்டு ஒன்றுகூட விடவில்லை. பசை தீர்ந்த ஒரு நாளில் அவசரத்துக்கு சூப்பர் க்ளூவில் ஒட்டிய நாலு சுவர்களும் மேஜையிலிருந்து விழுந்த முதல் தடவையே பிரிந்துவிட்டன. ஆனால் இதே பசை எம்.டி.எஃப்.பிலும் ரெசினிலும் ஒன்றும் செய்யாது. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் குழம்புகிறார்கள்.

பிளாஸ்டிக்கில் எனக்குள்ள ஒரே குறை மாடித்தளங்களின் அகலம். படத்தில் பிரமாதமாகத் தெரியும் உடைந்த தளம் 25 மி.மீ. அகலம்தான் இருக்கும், என் வீரர்களோ 32 மி.மீ. பேஸில் (காலடியில் ஒட்டும் வட்டத்தட்டு) நிற்கிறார்கள். ஒருவன் விழுந்தால் கீழே நிற்கும் மூவரையும் சேர்த்துச் சாய்ப்பான். இப்போது ஒட்டுவதற்கு முன் ஒரு வெறும் பேஸை வைத்துப் பார்ப்பேன், உட்காராவிட்டால் பிளாஸ்டிக் அட்டை வைத்து நீட்டிவிடுவேன். சுவர்களைத் தனித்தனியாக விடாமல் ஓர் அடித்தட்டில் ஒட்டுவதும் இங்கேதான் பழகியது. வார்ஹாமர் விதிகளின் 2023-இல் வந்த 10-ஆம் பதிப்பில் இடிபாட்டின் மறுபுறம் நிற்பவரை அதன் அடிப்பரப்பின் ஊடாகப் பார்க்க முடியாது. பரப்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆட்டத்தில் பாதி நேரம் வாக்குவாதத்தில் போய்விடும்.

ஃபோம் கதை அவமானத்தில் தொடங்கியது. இரண்டு நாள் செதுக்கிய பாறைமேட்டுக்கு நேராக ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். கண்முன்னே குழிவிழுந்து, அரித்து, ஏதோ புற்று மாதிரி ஆனது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடுகிறது. கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் வெள்ளைப் பசை கலந்து பிரஷால் இரண்டு கோட்டிங் கொடுத்தால் மேலே ஒரு தோல் மாதிரி இறுகும். என் மூன்று குன்றுகளும் அப்படிச் செய்தவைதான். நகம் பட்ட இடங்களில் சின்னச் சின்னப் பள்ளம் உண்டு, பாறை என்பதால் யாரும் கவனிப்பதில்லை. மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் இதற்கு உதவாது, கெட்டியான எக்ஸ்.பி.எஸ். அட்டைதான் கத்திக்குச் சரியாக வரும். சரிவாகச் செதுக்காமல் படிபடியாகச் செதுக்கியதும் நல்லதாகப் போயிற்று. சரிவு அழகுதான், ஆனால் அதில் எவனும் நிற்க மாட்டான்.

பெயின்ட்டில் நான் செய்த பெரிய தப்பு நிறத்தேர்வு. முதல் ஊரைச் செங்கல் சிவப்பிலும் பளிச்சென்ற மஞ்சளிலும் அடித்தேன். மேஜையில் வைத்தால் ஊர்தான் தெரிந்தது, படை தெரியவில்லை. சிவப்புக் கவசம் போட்ட நண்பனின் வீரர்களைத் தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. இப்போது எல்லாம் மங்கல்: அடர்சாம்பல் அடி, மேலே பழுப்பு, கடைசியில் எலும்பு நிறத்தில் டிரை பிரஷ், அதாவது காய்ந்த பிரஷால் மேடுகளை மட்டும் தடவுவது. அதற்கு மினியேச்சர் பிரஷ் எதற்கு? மேக்கப் போடும் பெரிய பிரஷ் எத்தனையோ மேல். பெயின்ட்டைத் தொட்டு, அநேகமாக முழுவதையும் துணியில் துடைத்துவிட்டுத் தடவ வேண்டும், 'ஒன்றும் ஒட்டவில்லையே' என்று தோன்றும் கட்டம்தான் சரியான கட்டம். வாஷை (இடுக்குகளில் நிழல் விழ ஊற்றும் நீர்த்த பெயின்ட்) மட்டும் தட்டையான சுவர்களில் ஊற்றாதீர்கள். தேங்கி, காய்ந்து, வட்ட வட்டக் கறையாகும். செங்கல் இடுக்குகளிலும் மூலைகளிலும் இழுத்துவிட்டால் போதும்.

மழை ஈரத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்து ஒரு கோபுரம் முழுக்க வெள்ளைப்படலம் படிந்ததையும் சொல்லிவிடுகிறேன். மீண்டும் பெயின்ட் அடித்தேன், வேறு வழியில்லை. மேட் (பளபளக்காத) வார்னிஷ் மட்டும் பூசிய துண்டுகளில் கை பிடிக்கும் ஓரங்கள் இரண்டாம் வருஷமே தேய்ந்து பளபளத்தன. கெட்டியான பாலியூரிதேன் வார்னிஷ் அடியில், மேட் மேலே என்று கொடுத்தவை இன்னும் தாங்குகின்றன.

ஸ்டாட்டிக் கிராஸ் (புல் மாதிரி ஒட்டும் பச்சை நார்த்தூள்) எனக்கும் பெட்டிக்கும் ஒத்துவரவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் மேஜையில் பச்சைத்தூள். தண்ணீர்ப் பசையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து மேலே தெளித்தால் பசை உள்ளே இறங்கும், உதிர்வது பாதியாகக் குறையும். முழுசாக நிற்காது.

3டி பிரிண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பீப்பாய், பெட்டி, தடுப்பு மாதிரிச் சாமான்களுக்கு நல்லது. பெரிய சுவர்களில் டிரை பிரஷ் அடித்தால் அடுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். வெயிலில் மூடிக்கிடந்த காரில் ஒரு மத்தியானம் விட்டேன், பி.எல்.ஏ. (பிரிண்டரில் போடும் பிளாஸ்டிக்) பீப்பாய்கள் இடுப்பொடிந்து கிடந்தன. 60 டிகிரி வாக்கிலேயே அது இளகத் தொடங்கிவிடும்.

இரண்டு மாடிக் கட்டடங்களைச் சேர்த்து ஒட்டியதற்குத்தான் இன்னும் வருந்துகிறேன். மேல்மாடி கழன்றால் உள்ளே வீரர்களை நகர்த்தலாம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். பின்னால் வந்தவற்றுக்குக் காந்தம் வைத்தேன், ஒன்றில் துருவம் மாறி, கூரை சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இப்போது கையில் இருப்பது ஒரு பாலம். வெட்டுவதற்கு முன்பே நண்பனின் டாங்கை இரவல் வாங்கிப் பலகை மேல் நிறுத்தி, இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.