கீட்டோவா, அட்கின்ஸா? வலிப்புள்ள பிள்ளைக்கு எது தோது

ரெண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை, இனி மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு சிகிச்சை (கீட்டோ அல்லது மாற்றிய அட்கின்ஸ்) என்று டாக்டர் சொன்னதும் மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி இது.

அளவு: கீட்டோவில் கொழுப்பு 4 கிராம் என்றால், புரதமும் மாவுச்சத்தும் சேர்த்தே 1 கிராம். தராசில்லாமல் அடுப்பு பற்றாது.
மாற்றிய அட்கின்ஸில் மாவுச்சத்துக்கு மட்டும்தான் அளவு: நாளுக்கு 10–20 கிராம். மீனும் முட்டையும் நிறுக்க வேண்டாம்.

தொடக்கம்: கீட்டோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், அட்கின்ஸ் டாக்டர் மேற்பார்வையில் வீட்டிலேயே.

இரண்டிலும் சோறு, மரச்சீனி, ஏத்தங்காய் சிப்ஸ் கிடையாது; இனிப்பு சிரப் மருந்துகூட ஆகாது. தேங்காய் எண்ணெய் கைகொடுக்கும். (பாட்டி ஒளித்து ஊட்டும் பழத்துண்டுதான் பெரிய வில்லன்.) வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீட்டோவே மேல். பள்ளிக்கூடம் போகிற, மீனுக்கு அடம்பிடிக்கிற பிள்ளைக்கு அட்கின்ஸ்.