வடசேரி ஹைட்ரோபோனிக் கீரைக்கடை: சுத்தம் எப்படி?

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் உள்ள இந்த ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் சத்துக் கலந்த தண்ணீரில் வளர்க்கும்) கடையில் லெட்டூஸ், பாலக்கீரை இரண்டும் நல்ல தரம். மண்ணில்லாததால் கிருமியே இல்லை என்று பலகையில் எழுதியிருப்பது மட்டும் தவறு. ஒரே தண்ணீர்தான் எல்லாச் செடிக்கும் சுற்றுகிறது. கழுவாத கை தண்ணீர்த் தொட்டியில் பட்டாலே சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் குழாய் முழுக்கப் பரவலாம். இங்கே தொட்டிக்கு மூடி உண்டு, அறுவடைக்குக் கையுறையும் உண்டு. அதில் திருப்தி.

குறை, வேரோடு விற்கும் கட்டுகள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வெளியே அடுக்கி வைக்கிறார்கள், வேரைப் பிடித்திருக்கும் ஈர ஸ்பாஞ்ச் கீழ்க்கட்டின் இலைமேல் சொட்டுகிறது. 5 டிகிரிக்குள் வைக்க வேண்டிய சரக்கு இது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும், ஆகவே இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேரையும் ஸ்பாஞ்சையும் வெட்டி எறியுங்கள். சாப்பிடும் முன் இலைகளைப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம், இலை உறிஞ்சிக்கொள்ளும்.