சவானாவில் தங்க: பழைய வீட்டு விடுதியா, ஆற்றங்கரை ஹோட்டலா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சவானா, 1733-ல் உருவான நகரம். அங்கே அமைந்த 24 சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள 19-ஆம் நூற்றாண்டு வீடுகளில் சில, காலை உணவோடு அறை தரும் விடுதிகளாகிவிட்டன. வடக்கே ஆற்றங்கரையில் பெரிய ஹோட்டல்கள். இரண்டு இரவாவது தங்குவோருக்குப் பழைய வீடுதான் சரி. ஆனால் எந்தத் தளத்தில் அறை என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தூக்கம் அதில்தான் இருக்கிறது.

‘கார்டன் லெவல்’ என்று போட்டிருந்தால் தோட்டம் பார்த்த அறை என்று நினைத்துவிட வேண்டாம். அது தெருமட்டத்திலோ இரண்டு படி கீழேயோ இருக்கும் அடித்தளம். அந்தக் காலத்தில் சமையல் நடந்த இடம். கூரை தாழ்வு, வெளிச்சம் குறைவு. பழைய செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடாவிட்டால் பூஞ்சை வாடை அடிக்கும். அந்த மெஷின் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். மேலே சாப்பாட்டறை இருந்தால் விடிந்ததும் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். ஆனால் ஏற வேண்டிய படிகள் குறைவு, பல வீடுகளில் தனி வாசல், வாடகையும் பெரும்பாலும் மலிவு. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல அறை கிடையாது.

தெருவிலிருந்து உயரமான படிக்கட்டு ஏறிப் போவது ‘பார்லர்’ தளம். உயர்ந்த கூரை, ஆளுயர ஜன்னல், கணப்பு. அழகெல்லாம் இங்கேதான், விலையும் இங்கேதான். பழைய வரவேற்பறையைப் படுக்கையறையாக்கியிருந்தால், நடுவே இருக்கும் இழுப்புக் கதவு பேச்சுச் சத்தத்தைத் தடுக்காது. தெருப்பக்க அறையென்றால் இரவில் பேய்க்கதைச் சுற்றுலா வண்டிகளின் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மேல் தளத்தில் பின்பக்க அறை கேட்பதே உத்தமம். பல வீடுகளில் லிஃப்ட் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலங்கின் பாதம் போன்ற கால் வைத்த பழைய குளியல் தொட்டியின் விளிம்பு உயரம். காலைத் தூக்கி வைக்க முடியாதவர்கள் ‘ஷவர் மட்டும்’ உள்ள அறையைக் கேட்க வேண்டும்.

பின்கட்டில், பழைய குதிரைவண்டிக் கொட்டகையை மாற்றிக் கட்டிய வீடு தனிமை விரும்பும் தம்பதிக்கு ஏற்றது. காலையில் பின்சந்தில் குப்பை லாரி வரலாம், அவ்வளவுதான். ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்கள் பலவற்றில் அடிமைகளாக வைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்தின் பின்கட்டில் அவர்கள் கூரையில் பூசிய வெளிர்நீலச் சாயம் இன்றும் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து இந்த அறையில் தங்குங்கள்.

ஆற்றங்கரை ஹோட்டலில் லிஃப்ட் உண்டு, இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் உண்டு. நள்ளிரவு விமானத்தில் வருவோருக்கும் குழந்தைகளோடு வருவோருக்கும் இதுதான் வசதி. வீட்டு விடுதிகள் பலவற்றில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. குறை, ரிவர் தெருவின் தரை. கப்பல் ஆடாமலிருக்கப் பாரமாக ஏற்றிக் கொண்டுவந்த கற்களைப் பாவியிருக்கிறார்கள். பெட்டியின் சக்கரம் மாட்டிக்கொள்ளும். மேலே பே தெருவுக்குப் போகும் கல்படிகள் செங்குத்து, மழையில் வழுக்கும். வரலாற்றுப் பகுதியில் பிளாஸ்டிக் கோப்பையில் மதுவோடு நடக்க அனுமதி இருப்பதால் வார இறுதி இரவில் கூச்சல் அடங்காது.

சைவ உணவுக்காரர்கள் விடுதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோள நொய்க் கஞ்சியான ‘கிரிட்ஸ்’ பார்க்கச் சைவம்தான். கோழிச் சாறிலோ பன்றிக் கொழுப்பிலோ வெந்திருக்கலாம். ‘தண்ணீரும் வெண்ணெயும் மட்டும்’ என்று தெளிவாகக் கேளுங்கள்.