கல்லடியில் வலைக்கம்பி வேலி: தூண் நிற்கிறது, கட்டு நிற்கவில்லை

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் மட்டக்களப்பு நாவலடியிலுள்ள தன் 20 பேர்ச் வளவுக்கு எங்களுடையதைப் போல வலைக்கம்பி வேலி போட எவ்வளவு செலவு முடியும் என்று கேட்டிருக்கிறார். நேற்றுத்தான் கடல் பக்கத்தில் வலையைத் தூணோடு பிணைக்கிற கம்பிக் கட்டுகளை மறுபடியும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டி முடித்தேன். அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

அவர் போட்ட கணக்கில் பெரும் பங்கு குழி தோண்டவே போகிறது. அவருடைய ஊரில் அது சரி. குளிர்காலத்தில் அங்கே ஈரமண் உறைந்து உப்பி, ஆழமில்லாத தூணை மேலே தள்ளிவிடும். அதனால் உறைவு எட்டாத ஆழத்துக்கு, ஏறக்குறைய 4 அடி, தோண்டுவார்கள். நம்முடைய மணலில் 2 அடி தோண்டி, சுற்றிக் கொங்கிரீட் போட்டு இறுக்கினால் போதும். எங்கள் தூண் ஒன்றுகூடச் சரியவில்லை. இங்கே காசு போக வேண்டிய இடம் வேறு.

20 பேர்ச் என்றால் 5,445 சதுர அடி. வளவு சதுரமாக இருந்தால் சுற்றளவு 295 அடி வரும். 8 அடிக்கொரு தூண் வைத்தால் 37 தூண். ஒரு தூணில் ஐந்து இடத்தில் வலையைக் கட்டினால் 185 கட்டு. மொத்தச் செலவில் இந்தக் கட்டுக்கம்பியின் விலை ஒரு மூலைக்கும் வராது. ஆனால் என் வேலியில் முதலில் செத்தது அதுதான்.

வேலி போட்டவர் 2022இல், சீமெந்து மூடை 3,000 ரூபாயைத் தொட்ட நேரத்தில்கூட, தூணில் மிச்சம் பிடிக்கவில்லை. வலையும் நல்ல 12 கேஜ் நாகமுலாம் கம்பி. கட்டுக்கு மட்டும் கறுத்தக் கம்பியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அது கொங்கிரீட்டுக்குள் முறுக்குக்கம்பியைக் கட்டுகிற கம்பி. மென்மையானது, குறட்டால் ஒரு முறுக்கில் இறுகும், கை நோகாது. சீமெந்துக்குள் கிடந்தால் ஒன்றும் ஆகாது, வெளியில் விட்டால் பூச்சே இல்லாத வெறும் இரும்பு. வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பிய பிறகு கேட்கவா வேண்டும்? முறுக்கின இடத்திலேயே அறுகிறது. விரலால் தொட்டால் செம்பொடியாக உதிர்கிறது, தூணில் கட்டுக்கு ஒரு துருக்கோடு வழிந்து நிற்கிறது. கட்டு விட்ட இடத்தில் ஆடு தலையை நுழைத்து வலையை வளைத்துவிடுகிறது. அந்த மனிதரைச் சந்தியில் காணும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நியாயமாகச் சொன்னால் வலை அருமையான வலை. கார்த்திகை மழையில் தெருவெல்லாம் வெள்ளம் நின்றபோது வளவுத் தண்ணீர் தடையில்லாமல் வடிந்து ஓடியது. மதில் கட்டியவர்கள் துளை இடித்துத்தான் வெளியேற்றினார்கள். காற்றும் அடைபடாது. பாகல் கொடி படர்ந்த இடத்தில் மட்டும் துரு தெரிகிறது. இலை மறைப்பதால் அங்கே மழை உப்பைக் கழுவுவதில்லை, ஈரமும் காய்வதில்லை. கொடியை அறுத்துவிட்டேன்.

இவ்வளவு சொல்லியும், மச்சான், கடல் பக்கத்துக்கு வலை போடாதீங்க. மூன்று பக்கம் வலை, கடல் பக்கம் பூவரசங் கதியால், அதாவது கிளையை நட்டு வளர்க்கிற உயிர்வேலி. பூவரசு உப்புக்கு அஞ்சாது, நட்டால் வேர் விடும், வெட்ட வெட்டத் தழைக்கும். மற்றப் பக்கங்களுக்கு நாகமுலாம் பூசிய கட்டுக்கம்பியை நீங்களே வாங்கிக் கொடுங்க. முறுக்கக் கடினம் என்று மேசன் முகம் சுழிப்பார், விடாதீங்க. வளவைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டாகப் பார்த்த பிறகுதான் கடைசிக் காசைக் கொடுக்கச் சொல்லுங்க.