டொமைன்களை எண்ணுவதா, உருவத்தை வரைவதா?

தம்பலகாமத்தில் எங்கள் வயலை எரிபந்த நோய் பிடித்த போகத்தில்தான் இந்த வேலையில் இறங்கினேன். அந்நோயின் பூஞ்சை நெற்கலத்துக்குள் அனுப்பும் புரதங்களில் ஒன்று ஏவிஆர்-பிக். சில நெல் இனங்களில் உள்ள பிக்-1 என்ற காவல் புரதம், தன் எச்எம்ஏ டொமைனால் அதைப் பிடித்துக்கொள்கிறது. டொமைன் என்பது புரதத்தில் தனியாக மடிந்து தனக்கென வேலை செய்யும் ஒரு பகுதி. இப்படி எந்த டொமைன் எதனோடு சேரும் என்று கணிக்க, திருகோணமலை உவர்மலையில் என் அறையிலிருந்து இரண்டு வழிகளை முயன்றேன்.

முதலாவது, எண்ணும் வழி. சேர்வதாகத் தெரிந்த புரதச் சோடிகளைத் திரட்டி, எந்த இரு டொமைன்கள் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி எதிரெதிரே வருகின்றன என்று பார்ப்பது. 2001இல் ஸ்பிரின்சாக், மார்கலிட் என்ற ஆய்வாளர்கள் காட்டிய பாதை இது. பழைய மடிக்கணினி போதும். ஓர் உயிரியின் புரதங்கள் முழுவதையும் சலிக்க இன்றும் இதையே எடுப்பேன்.

என் தேவைக்கு இரண்டாவதான உருவம் வரையும் வழியே பொருந்தியது: சேர்ந்த புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும், 2021இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட்-மல்டிமர் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள். எண்ணுவதற்கு முதலில் பெயர் வேண்டும். டொமைன்களைப் பெயரிட்டு வகைப்படுத்தும் பிஃபாம் போன்ற தொகுப்பில் இடம்பெற்றதைத்தான் எண்ணலாம். பூஞ்சையின் இந்தப் புரதங்களுக்குள் அமினோ அமில வரிசை ஒற்றுமை மிகக் குறைவு. ஏவிஆர்-பிக்கும் அதே பூஞ்சையின் இன்னொரு புரதமான ஏவிஆர்-பியாவும் ஒரே சாயல் என்பது முப்பரிமாண மடிப்பைப் பார்த்த பிறகே தெரிந்தது. பெயரில்லாதது அட்டவணையில் ஏறாது. நெல்லின் பக்கமும் சிக்கல்தான். பிக்-1இல் எச்எம்ஏயுடன் என்பி-ஏஆர்சி டொமைனும் இருக்கிறது. அது நெல்லின் நூற்றுக்கணக்கான எதிர்ப்புப் புரதங்களில் உண்டு. எண்ணிக்கை அதன் பக்கம் சாய்ந்துவிட்டால், உண்மையில் பிடிக்கும் கை மறைந்துபோகும். உருவம் வரையும் வழி பெயர் கேட்பதில்லை. இரு வரிசைகளைக் கொடுத்தால் எந்த முகம் எதைத் தொடுகிறது என்றே காட்டுகிறது. எச்எம்ஏயை மாற்றிப் புதிய எதிர்ப்பை உருவாக்க நினைப்பவருக்கு அந்த முகம்தான் வேண்டும்.

ஆனால் ஏவிஆர்-பிக் எச்எம்ஏயைத் தொடும் உருவம் சரியாக வந்ததை நான் வெற்றியாகக் கொள்ளவில்லை. படிகமாக்கிக் கண்டறிந்த அந்தச் சோடியின் அமைப்பு 2015இலேயே வெளியானது; மென்பொருள் அதைப் பயிற்சியில் பார்த்திருக்கக் கூடும். புதிய சோடிகளில் என் அனுபவம் சிறிது. இரு புரதங்களும் சேரும் விதத்தைத் தன் கணிப்பு எவ்வளவு நம்பகமாகக் காட்டுகிறது என்று மென்பொருள் தரும் ஐபிடிஎம் மதிப்பு 0.8ஐத் தாண்டினால் நம்பலாம், 0.6க்குக் கீழே போனால் கைவிடலாம் என்பார்கள். என் சோடிகளில் பல இடையில் நிற்கின்றன. அவற்றைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வுகூடத்தில் சோதிக்கும் வரை ‘சேரும்’ என்று எழுத மாட்டேன்.