"இலவச ஆட்டிசம் பரிசோதனை முகாம்": சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் கவனத்திற்கு

வார இறுதிகளில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, "இலவச ஆட்டிசம் பரிசோதனை முகாம்" என்று பதாகை கட்டும் ஒரு குழு, தோட்டப்புற ஊர்களைச் சுற்றி வருகிறது. சென்ற ஆண்டு சுங்கை சிப்புட்டில் எங்களிடம் 6,800 வெள்ளியை வாங்கிக்கொண்டு, எந்த அலுவலகமும் ஏற்காத ஒரு சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனது அந்தக் குழுதான். சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஏமாறாமல் இருக்க, நடந்ததை எழுதுகிறேன்.

என் மகனின் 18ஆம் மாதத்தில், அரசு கிளினிக்கில் ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடி வழக்கமாகக் கேட்கப்படும் எம்-சாட் (M-CHAT) கேள்விகளின்போதே தாதிக்கு ஐயம் எழுந்தது. வேண்டிய பொருளை அவன் விரலால் சுட்டிக்காட்ட மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஏதோ ஒரு கருவியை வைப்பதுபோல் என் கையை ஐஸ்பெட்டிக் கதவின்மேல் வைப்பான், முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். பெயரைச் சொல்லி எத்தனை முறை அழைத்தாலும் திரும்பாதவன், சமையலறையில் முறுக்குப் பொட்டலம் பிரியும் சத்தத்துக்கு ஓடி வருவான். எம்-சாட் ஐயத்தை எழுப்பும் கேள்வித்தாளே தவிர நோயறிதல் அன்று என்பதைத் தாதி தெளிவாகச் சொல்லி, ஈப்போ பெரிய மருத்துவமனையின் குழந்தை நல நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். நிபுணரைப் பார்க்கும் நாள் பல மாதங்கள் தள்ளிக் கிடைத்தது. இந்தக் காத்திருப்புக் காலத்தைத்தான் அந்தக் குழு முதலாக வைத்துத் தொழில் செய்கிறது.

முகாமில் மகனின் தலையில் ஒரு பட்டையை மாட்டினார்கள். கணினித் திரையில் நிற வட்டங்கள் ஓடின. சற்று நேரத்தில், "ஆட்டிசம் 72 விழுக்காடு" என்று அச்சிட்ட அறிக்கை வெளியே வந்தது. அவனோடு யாரும் ஒரு பந்தைக்கூட உருட்டி விளையாடவில்லை, காது கேட்கிறதா என்று சோதிக்கவில்லை, கர்ப்ப காலத்தைப் பற்றியோ அவன் எப்போது நடந்தான் என்பதைப் பற்றியோ என் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆட்டிசத்தை விழுக்காட்டில் அளந்து சொல்லும் இயந்திரம் உலகில் எங்கும் இல்லை. இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ கூட அதை உறுதிப்படுத்துவதில்லை. வலிப்பு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மருத்துவர்கள் மூளை அலைப் பதிவு எடுப்பார்கள், ஆனால் அது வேறு காரியம்.

அறிக்கையைத் தொடர்ந்து, "நச்சு உலோகம் நீக்கும்" மாவு டப்பாக்களும் வார வகுப்புகளும் அடங்கிய ஒரு திட்டத்தை விற்றார்கள். மருத்துவமனைக்குப் போனால் பிள்ளைக்கு ஆயுளுக்கும் ஓ.கே.யு (மாற்றுத்திறனாளி) முத்திரை விழுந்துவிடும், ஆகவே அந்த நாளை ரத்து செய்துவிடுங்கள் என்றார்கள். இவையெல்லாம் காசு பறிக்கும் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொன்னதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் காதில் விழுவதால்தான் பிள்ளை குழம்பிப் பேசாமல் இருக்கிறான், இனி ஆங்கிலம் மட்டும் என்றார்கள். என் தாயார் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது. பகல் முழுவதும் பேரனைப் பார்த்துக்கொண்டவர் அவரே. குளிப்பாட்டும்போது பாடுவதையும் சோறூட்டும்போது காக்கையைக் காட்டிக் கதை சொல்வதையும் நிறுத்திவிட்டு, வாய் திறக்காமல் ஊட்டப் பழகினார். பேச்சு தாமதமான பிள்ளைக்கு, நாள் முழுக்கக் காதில் விழுந்த பேச்சையே பறித்துவிட்டார்கள். பல மொழிகள் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை, அதனால் அது கூடுவதும் இல்லை. இதைப் பின்னர் ஈப்போவில் பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபோது, என் தாயார்தான் முதலில், "அப்போ நான் பேசலாமா?" என்று கேட்டார்.

பாலர் பள்ளியில் சிறப்புக் கல்விக்குப் பதியப் போனபோது அந்தக் குழு கொடுத்த சான்றிதழின் மதிப்பு தெரிந்தது. மருத்துவர் கையொப்பமிட்ட பாரம் வேண்டும் என்று பள்ளியிலும், அதையே சமூக நலத்துறை அலுவலகத்திலும் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

முதல் நாளை ரத்து செய்துவிட்டதால், மறுபடியும் கடிதம் பெற்று ஈப்போவுக்குப் போனோம். மருத்துவர் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். ஊதுவதைச் சட்டென நிறுத்திவிட்டு, மகன் தம்மைப் பார்த்துக் கேட்கிறானா, குப்பியை மட்டும் பிடுங்குகிறானா என்று கவனித்தார். பொம்மை லாரியை ஓட்டாமல் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் சுற்றியதைக் குறித்துக்கொண்டார். சமூகத் தொடர்பில் உள்ள குறை ஒரு பகுதி, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களும் ஒலி, தொடுதல் போன்றவற்றை உணர்வதில் உள்ள வேறுபாடுகளும் மற்றொரு பகுதி என்று இரண்டிலும் தேடிய பிறகே அவர் ஆட்டிசம் என்று உறுதி செய்தார். அதற்கு முன் எடுத்த செவிப் பரிசோதனையில் ஒரு காதில் நீர் கோத்திருந்ததும் தெரியவந்து, அதற்குத் தனியே சிகிச்சை நடந்தது. நிபுணர் கிளினிக்கில் ஒரு முறைக்கு நாங்கள் கட்டியது 5 வெள்ளி.

யாராவது பரிசோதிக்கிறேன் என்று வந்தால் முதலில் பெயரைக் கேளுங்கள். மருத்துவரானால் மலேசிய மருத்துவ மன்றப் பதிவேட்டிலும், பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், மருத்துவ உளவியலாளர் என்றால் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின் கீழ் வரும் பதிவேட்டிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். எங்களிடம் அட்டை நீட்டியவர்களின் பெயர் இரண்டிலும் இல்லை. காத்திருக்கும் காலத்தில் தனியார் மையத்தை நாடினாலும், மருத்துவமனை நாளை ரத்து செய்யாதீர்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் பதியலாம், மூன்றாண்டு கெடு உண்டு. இதே குழுவிடம் பணம் கட்டியவர்கள் ரசீதையும் அந்த விழுக்காட்டு அறிக்கையையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தத்தம் பெயரில் தனித்தனியாகப் புகார் கொடுங்கள்.