மண்டையோட்டில் தேறியது, முன்கையில் கோட்டை விட்டது

இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுப்பவள் நான். படத்தைக் காட்டியே மூட்டுகளை விளக்கி அலுத்துப்போய், சக்கரம் வைத்த தாங்கியில் நிற்கும் ஆளுயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை வாங்கினேன். எட்டு மாதமாக வகுப்பில் நிற்கிறது. 'எல்லா மூட்டுகளும் இயற்கையாக அசையும்' என்று பெட்டியின் மேல் போட்டிருந்தார்கள். அந்த 'எல்லா'வோடுதான் எனக்கு வழக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டையோடு அருமை. எலும்புகள் கூடும் தையல் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடுவதை விரலால் தடவியே உணரலாம். நார்த்திசு இறுக்கிக் கட்டிய அசையா மூட்டுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். கீழ்வரிசையில் மூன்று பற்களைக் கழற்றி மாட்டலாம். பல்லும் தாடைக்குழியும் சேருமிடம்கூட நார் மூட்டு வகைதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை; பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டால் மறப்பதில்லை. "பல் எலும்பே இல்லையே, பிறகு எப்படி மூட்டு?" என்று ஒருத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி.

முதுகெலும்புத் தொடரிலும் குறை சொல்ல அதிகமில்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் 23 இடைவட்டுகளையும் மென்மையான ரப்பரில் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சமே இணங்குகிறது. எல்லாம் சேரும்போது முதுகு வில்லாக வளைகிறது. குருத்தெலும்பு மூட்டின் குணமே அதுதான்.

கழுத்துக்கு வந்தால் சறுக்கல் தொடங்குகிறது. தலையாட்டி 'ஆம்' என்பது மண்டைக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையே நடப்பது. 'இல்லை' என்று திருப்புவது, இரண்டாம் முள்ளெலும்பின் முளையைச் சுற்றி முதலாவது சுழல்வதால்; கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே முளை மூட்டில் கிடைக்கிறது. இந்தப் பொம்மையிலோ மண்டையை ஒரு கம்பியில் செருகியிருக்கிறார்கள். முதல் முள்ளெலும்பு அசையாமல் இருக்க, அதன்மேல் தலை மட்டும் பம்பரமாகச் சுற்றுகிறது.

முன்கைதான் என் பொறுமையைச் சோதித்தது. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து அல்னாவின் குறுக்கே புரண்டு விழ வேண்டும். சாவி திருப்பவும் திருகாணி முடுக்கவும் அந்தப் புரளல்தான் உதவுகிறது. இங்கே இரண்டு எலும்புகளையும் மேலும் கீழும் திருகாணியால் இறுக்கிவிட்டார்கள். கையைக் கவிழ்க்க முயன்றால் தோளோடு சேர்ந்து மொத்தக் கையும் வருகிறது. ஒரு மாலை உட்கார்ந்து கீழ்த் திருகாணியைக் கழற்றி, மேலுள்ளதைத் தளர்த்தி, மணிக்கட்டருகே எலாஸ்டிக் நாடாவால் கட்டினேன். மறுநாள் ரேடியஸ் புரண்டது. வகுப்பில் கைதட்டல்!

தோளில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தோள்பட்டை எலும்புக்கும் விலாவுக்கும் நேரடி மூட்டே கிடையாது. தசைகளுக்கிடையே அது வழுக்கிக்கொண்டு போகும். கையை 180 பாகை உயர்த்தினால் சுமார் 120 பந்துக்கிண்ண மூட்டின் பங்கு, மீதி 60 அந்த வழுக்கலின் பங்கு. பொம்மையில் தோள்பட்டை எலும்பை விலாவில் அறைந்துவிட்டதால் கை பாதியில் முட்டி நிற்கிறது. இடுப்பு பரவாயில்லை: தொடையெலும்பின் தலையைக் கழற்றி, கிண்ணம் எவ்வளவு ஆழம் என்று காட்ட முடிகிறது. தோளின் கிண்ணமோ தட்டுபோல ஆழமற்றது. தோள் ஏன் அடிக்கடி நழுவுகிறது, இடுப்பு ஏன் அரிதாக நழுவுகிறது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே விளங்கும்.

முழங்கால் வெறும் கதவுக் கீல். நிஜ முழங்கால் நீளும்போது கடைசிச் சில பாகைகளில் கீழ்க்கால் சற்று வெளிப்புறம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அதற்கு இங்கே வழியே இல்லை. கட்டைவிரலின் அடியில் குதிரைச் சேணம்போல் அமைந்த சேண மூட்டைக் கம்பியால் கோத்துவிட்டார்கள். மூட்டுறை, உயவுத் திரவம் இவற்றையெல்லாம் எந்தப் பிளாஸ்டிக்கிடமும் எதிர்பார்க்கக் கூடாது, கேட்கவும் இல்லை.

எலும்புகளின் பெயர் படிக்க வாங்கலாம். அசைவு கற்பிக்க வாங்குவதானால் கூடவே ஒரு திருப்புளியும் வாங்குங்கள். ஐந்துக்கு மூன்று தருகிறேன், அதிலும் ஒன்று மண்டையோட்டுக்கு.

முன்கையைப் பற்றித் தயாரிப்பாளருக்கு விரிவாக எழுதினேன். திருகாணியைக் கழற்றிவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது.